ராஜாவுக்கு அப்பாவின் மூக்கு

கொல்லயில்,
9 ஜூன் 2024

அன்புள்ள ஜிஜா அக்காவுக்கு,

ஜெனில் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். ஜாம்நகரில் நீயும் விபின் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே வெயில் குறைந்ததா?

தம்பியிடமிருந்து கடிதம் வருகிறதே என்று பயந்துவிடாதே. ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்து நீ போன அன்று அப்பா என்னிடம் சொன்னது உனக்குத் தெரியாது. "அவளுக்கு நீ போன் விளிக்கப்பிடாது, போட்டோ அயக்கப்பிடாது. எனக்கு வாக்குத் தா" என்றார். அம்மா போனபிறகு அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். கொடுத்துவிட்டேன். உன் மெசேஜ்களுக்குப் பதில் போடாமல் இருந்தது அதனால்தான். போன வாரம் பைக்கில் பாறசாலைக்குப் போகும்போது திடீரென்று உறைத்தது. கடிதத்தைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. படம் வரைவதைப் பற்றியும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கொச்சியில் ஷைலஜா என்று ஒரு காமிக்ஸ் எடிட்டர் என் படங்களைப் பார்த்துவிட்டு, மாயாஜாலக் கதை ஒன்று கொண்டுவா, முதலில் அதற்குக் கான்செப்ட் ஆர்ட் வரைந்து காட்டு என்றார். அதாவது கதை தொடங்கும் முன்னே ராஜாவின் முகம், நடை, உடுப்பு, அவன் நாட்டின் மண், மரம் எல்லாவற்றையும் தனித்தனி ஷீட்டில் வரைந்து முடிவு செய்ய வேண்டும். எனக்கு வரையத் தெரியும், கதை தெரியாது. சின்னதில் கரண்ட் போனால் நீ சொல்வாயே, எல்லைக் கற்கள் எழுந்து நடக்கிற நாடு. விடிந்தால் யார் வீடு எந்த நாட்டில் கிடக்கிறது என்று தெரியாது. ராஜா காலையில் நடந்துபோய்த் தன் நாடு எதுவரை என்று பார்த்துவிட்டு வருவார். அதை எழுதித் தா.

ராஜாவின் முதல் ஸ்கெட்ச் உள்ளே இருக்கிறது. சண்டே ஸ்கூலில் படித்த தமிழ்தான், பிழையைப் பொறுத்துக்கொள்.

உன் தம்பி,
ஜெனில்


ஜாம்நகர்,
24 ஜூன் 2024

என் மக்கா ஜெனிலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். உன் கடிதத்தைக் கையில் வாங்கியபோது கர்த்தருக்கு எத்தனை தடவை ஸ்தோத்திரம் சொன்னேன் என்று தெரியாது.

கவரைப் பிரித்ததும் படம்தான் முதலில் வெளியே வந்தது. ஆஸ்பத்திரி யூனிபார்மைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். விபின் வந்து, "இதாரு, ஒனக்க அப்பாவா?" என்றார். "இல்ல, ஒரு ராஜா" என்றேன். அவர் எனக்கும் சேர்த்து டீ போடப் போனார்.

ராஜா நன்றாக இருக்கிறார். காதில் இருக்கிற முடியை எடுத்துவிடாதே. கொஞ்சம் மெலிந்திருக்கிறாரோ? பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? இது அப்பாவைப் பற்றிக் கேட்கிறேன்.

கதையைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி அனுப்புகிறேன். கல் நடந்த தடம் மண்ணில் தெரிய வேண்டும், நத்தை போன மாதிரி ஈரமாக. வாழை, மரச்சீனி எல்லாம் இருக்கட்டும். ஆனால் இலைகள் எந்த நாட்டுப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்க வேண்டும். ராஜாவுக்குக் கிரீடம் வேண்டாம். தோளில் ஒரு துவர்த்துத் துண்டு போதும். ஒரு ராத்திரி ராஜாவின் மகள் தூங்கிக்கொண்டிருக்கும்போது கற்கள் அவளைத் தாண்டிப் போய்விடுகின்றன. விடிந்தபோது அவள் அடுத்த நாட்டில் இருக்கிறாள். அங்கிருந்து தொடங்கலாம்.

இன்னொன்று. ராஜாவை ஒரே நிலையில் பார்த்தால் போதாது. உட்கார்ந்து, நடந்து, பின்னாலிருந்து, கஞ்சி குடிக்கும்போது, மழை வருகிறதா என்று கையை நீட்டும்போது, எல்லாம் வரைந்து அனுப்பு. கதைக்குத்தான்.

அன்போடு,
அக்கா ஜிஜா


கொல்லயில்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவருக்கும் சுகம். மழை விட்டபாடில்லை. அத்தானுக்கு என் அன்பு.

ஷைலஜா மேடத்துக்கு உன் நாடு ரொம்பப் பிடித்துவிட்டது. கல் நடந்த தடத்தைப் பெரிதாக வரைந்து கேட்டிருக்கிறார். ராஜாவைத்தான் பிடிக்கவில்லை. "சந்தைக்கு மீன் வாங்கப் போற ஆள் மாதிரியில்ல இருக்காரு. இளமையா ஒண்ணு போட்டுப் பாரு" என்றார். போட்டேன். அகன்ற நெஞ்சு, கவசம், காற்றில் பறக்கும் முடி. உனக்கு அனுப்ப மனம் வரவில்லை.

ஒரு காரியம் நடந்துவிட்டது. நான் குளத்தூருக்குப் போயிருந்த நேரத்தில் அப்பா மேசையில் இருந்த ஷீட்களைப் பார்த்துவிட்டார். நான் உள்ளே நுழையும்போது கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"இதாருலே?"

"ராஜா."

"ராஜாவுக்கு எனக்க மூக்கு எப்பிடிலே வந்து?"

ஒவ்வொன்றாகப் புரட்டினார். பின்னாலிருந்து வரைந்ததைப் பார்த்து, "முதுகு இவ்வளவா வளஞ்சு போச்சு?" என்றார். பிறகு கேட்டார். "இத எங்க அயக்குத?"

"கொச்சிக்கு."

"கொச்சிக்கு மட்டுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். கிழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். தாள்களை அடுக்கி மேசையிலேயே வைத்துவிட்டுப் பயறுக்குப் பந்தல் போடப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலையில் பார்க்கிறேன், ஷேவ் செய்து, ஆராதனைக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். "எங்கயாவது போறியளா அப்பா?" என்றேன். "நான் எங்க போறேன். நீ ஒனக்க வேலையப் பாரு" என்றார். நான் வரைந்து முடிக்கிறவரை அசையவில்லை. இத்தனை வருஷம் பஸ் ஓட்டின காலல்லவா, இடது கால் மட்டும் கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் இப்படித்தான். உன் பெயரை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அந்த ஷீட்களை இதோடு அனுப்புகிறேன்.

உன் தம்பி,
ஜெனில்


ஜாம்நகர்,
20 ஆகஸ்ட் 2024

என் மக்கா ஜெனிலுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று கேட்கவே வேண்டாம்போல இருக்கிறது, படத்திலேயே தெரிகிறது.

எந்தச் சட்டை? அம்மா எடுத்துக்கொடுத்த நீலக் கோடு போட்டதா? பென்சில் படத்தில் நிறம் தெரியவில்லை. ஷேவ் செய்யும்போது தாடைக்குக் கீழே எப்போதும்போலக் கொஞ்சம் விட்டிருக்கிறார், பார்த்தேன்.

இந்த ஊரில் மழை இரண்டு நாள் பெய்துவிட்டு மறந்துபோகும். ஏரியில் வெளிநாட்டுப் பறவைகள் வரும், பார்க்கப் போகலாம் என்று விபின் சொல்வார். நான் இப்போதெல்லாம் டியூட்டி முடிந்து நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். தபால்காரர் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்.

ராஜாவின் முகத்தை நேருக்கு நேராக வரைந்து ஒரு ஷீட் வேண்டும். கோபம், யோசனை, தூக்கம் வருவது, சிரிப்பு என்று எத்தனை முகபாவம் முடியுமோ அத்தனையும். சிரிப்பு கட்டாயம் வேண்டும். அவர் என்னை நேராகப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. என்னை என்றால், வாசகரை.

இளைய ராஜாவை மேடம் கேட்டால் கொடு. உன் பிழைப்பு அது. நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

அன்போடு,
அக்கா


கொல்லயில்,
27 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். ஓணம் இந்த முறை பெரிதாக ஒன்றும் இல்லை. ராஜாவின் ஐந்து ஷீட் அனுப்புகிறேன். நீ கேட்ட நேர்முகம் பிறகு வரைகிறேன்.

எல்லாரும் சுகம்.

ஜெனில்


ஜாம்நகர்,
8 நவம்பர் 2024

ஜெனில்,

ஐந்து படத்திலும் ராஜா இடது கன்னத்தைத்தான் காட்டுகிறார். வலது கை ஐந்திலும் துவர்த்துக்கு அடியில் இருக்கிறது. டீ கிளாஸ் இடது கையில். இடது கையை நீட்டி எதையாவது வாங்கினால் நம்மைத் திட்டுகிறவர் அவர். ஒரு படத்தில் சட்டைப் பொத்தான் ஓட்டை மாறி விழுந்திருக்கிறது.

நீ கண்ணால் பார்க்காததை வரைய மாட்டாய், எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களைத்தான் நான் தினமும் படுக்கையில் திருப்பிப் படுக்கவைக்கிறேன். ஸ்ட்ரோக் எப்போது வந்தது? எழுந்து நடக்கிறாரா? பேச்சு இருக்கிறதா?

இதைக் கதைக்காகக் கேட்கவில்லை.

ஜிஜா


கொல்லயில்,
15 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை நலம் என்று எழுதவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் அப்படியே சரிந்துவிட்டார். பக்கத்து வீட்டு மோகனன் மாமா காரை எடுத்தார். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. முகம் வலது பக்கம் இறங்கிவிட்டது. பேச்சு குழறுகிறது. இப்போது பிடித்துக்கொண்டு முற்றம்வரை நடக்கிறார்.

ஆஸ்பத்திரியில் வைத்து, "அக்காவுக்கு விளிக்கட்டா?" என்று கேட்டேன். நல்ல கையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். வேண்டாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவரே ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உட்காரவைத்தேன். சட்டையை மாட்டிவிட்டேன், பொத்தானை மட்டும் என்னைத் தொட விடவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்து, துவர்த்தை மேலே போட்டுக்கொண்டார். அப்புறம் நல்ல கன்னத்தை என் பக்கம் திருப்பினார். யாருக்காகத் திருப்பினார் என்று எனக்குத் தெரியுமே அக்கா. அவர் அவ்வளவு பாடுபட்டு மறைத்ததை நான் எப்படி இரண்டு வரியில் எழுதிப் போடுவது?

வா என்று சொல்லவும் பயமாக இருக்கிறது, வராதே என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. நீயே முடிவு செய்.

ஜெனில்


ஜாம்நகர்,
12 டிசம்பர் 2024

என் மக்கா ஜெனிலுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். விபின் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நீ பொதிந்து தந்த நேந்திரங்காய் சிப்ஸை வார்டில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் கால் வைக்கும்போது நீ என் பையை வாங்கிக்கொண்டாய். அப்பா என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்கு நாள் கஞ்சி ஊட்டினேன், வாயைத் திறந்து வாங்கினார். கையைத் தேய்த்துவிட்டேன், இழுத்துக்கொள்ளவில்லை. நகம் வெட்டினேன், ஒவ்வொரு விரலாக நீட்டித் தந்தார். ஒரு சொல், ஒரே ஒரு சொல் வரவில்லை. நான் புறப்படும்போது, "அப்பா, போயிட்டு வாறேன்" என்றேன். உதடு அசைந்த மாதிரி இருந்தது. காத்துக்கொண்டு நின்றேன். நீ ஆட்டோ வந்துவிட்டது என்று கூப்பிட்டாய்.

ரயிலில் இரண்டு நாளும் இதையேதான் யோசித்தேன். பேச்சு போன நோயாளிகளை நான் தினமும் பார்க்கிறேன். அவர்கள் முடியாமல் பேசாதிருக்கிறார்கள். அப்பா முடியாமல் இருந்தாரா, மனசில்லாமல் இருந்தாரா என்று இத்தனை வருஷம் நர்சாக இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

நான் இல்லாதபோது உன்னோடு பேசுகிறாரா? படமும் வேண்டாம், கதையும் வேண்டாம். இதற்கு மட்டும் உண்மையைச் சொல்.

அக்கா


கொல்லயில்,
4 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் புது வருஷ வாழ்த்து. அப்பா இப்போது கம்பை ஊன்றித் தனியே முற்றத்தில் நடக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில்: பேசுகிறார். மெதுவாக, குழறி, ஆனால் பேசுகிறார். குடிக்க வெள்ளம் தா என்பார், லைட்டை அணை என்பார், என் சமையலைக் குறை சொல்வார். நீ இருந்த நான்கு நாளும் வாயைப் பூட்டிக்கொண்டார். காரணம் தெரியாமல் இதை உனக்கு எழுதக் கை வரவில்லை. இப்போது தெரியும்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து அடிக்கடி ஒரு வார்த்தை சொல்வார். "சீசா." நான் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுவேன். தட்டிவிடுவார். மருந்து பாட்டில், தைல பாட்டில், தேங்காய் எண்ணெய் பாட்டில், வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். ஒருமுறை தைலத்தை வாங்கித் தரையில் அடித்து உடைத்துவிட்டு அழுதார். மூளை குழம்பியிருக்கிறது என்று நினைத்தேன்.

நெய்யாற்றின்கரையிலிருந்து பேச்சுப் பயிற்சிக்கு ஷீனா என்று ஒரு பெண் வருகிறாள். வீட்டுச் சாமான்களை அட்டையில் வரைந்து வைக்கச் சொன்னாள், அதைப் பார்த்து அவர் பெயர் சொல்லிப் பழக. கிறிஸ்துமஸ் முடிந்து, நடக்கும் கற்களை வரைந்து மிச்சமிருந்த தாளில் குடை, பசு, செருப்பு, சீசா எல்லாம் வரைந்தேன். அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சீசா படத்தைக் காட்டியதும் சொன்னார், "குப்பி."

நம் வீட்டில் அதை யார் சீசா என்று சொல்லியிருக்கிறோம்? எப்போதும் குப்பிதானே?

"அப்பா, அப்பம் சீசான்னா என்ன?" என்று கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எழுந்து, கம்பை ஊன்றி, என் மேசைக்கு வந்தார். ராஜாவின் மகளை வரைந்த ஷீட் கிடந்தது. உன் முகத்தை வைத்துத்தான் அவளை வரைந்திருக்கிறேன். அதன்மேல் விரலை வைத்தார்.

"சீசா."

ஜ வரவில்லை அக்கா அவருக்கு. இத்தனை மாதமாக உன்னைக் கேட்டிருக்கிறார். நான் குப்பி குப்பியாகக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறேன்.

ஷீனா முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டைகளை அடுக்கினாள். நான் கேட்டேன். "பின்னே அக்கா வந்து நிக்கும்போ என்னத்துக்கு ஒரு வார்த்த மிண்டாம இருந்திய?"

ஷீட்டிலிருந்து விரலை எடுக்காமல் சொன்னார். "தப்பா வருது. எனக்க பிள்ளைக்க பேரு... தப்பா வருது."

நேற்று சனிக்கிழமை இல்லை, ஆனாலும் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொன்னார். எனக்கு நேராக உட்கார்ந்தார். துவர்த்து தோளில் இருந்தது. "வரை" என்றார். இறங்கிய உதட்டை எப்படி இருக்கிறதோ அப்படியே வரைந்தேன். காட்டினேன். நிறைய நேரம் பார்த்தார். கொச்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். "அயச்சுக்கோ. மொதல்ல அங்க அயி" என்றார். அங்கே என்றால் எங்கே என்று இந்த முறை எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அதை உள்ளே வைத்திருக்கிறேன். சிரிப்பு இன்னும் வரவில்லை.

உன் தம்பி,
ஜெனில்


கொல்லயில்,
23 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? உன் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறேன். கவர் கிடைத்ததா?

ஷைலஜா மேடம் போன் செய்தார். நேர்முகத்தைப் பார்த்தவர், "இவரத்தான் நான் தேடிட்டு இருந்தேன். அந்த இளைய ராஜாவத் தூக்கிப் போடு" என்றார். முதல் பாகம் தொடங்கலாமாம். அப்பாவிடம் சொன்னேன். "அப்பம் எனக்குச் சம்பளம் உண்டா?" என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு லீவு கிடைக்குமா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். அத்தானையும் வரச் சொல்லட்டுமா என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன்.

ஷீனா வராத நாளிலும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை மடக்கிப் பழகுகிறார். நான் அறைக்குள் போனால் முகம் கழுவுகிற மாதிரி நடிக்கிறார்.

ஜெனில்


ஜாம்நகர்,
3 பிப்ரவரி 2025

என் மக்கா ஜெனிலுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. முதலாவதற்குப் பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். அப்பாவுக்கு என்று தொடங்குவதா, ஜெனிலுக்கு என்று தொடங்குவதா என்றே தெரியவில்லை.

படத்தை எடுத்ததும் முதலில் நர்சாகத்தான் பார்த்தேன். போன முறை நான் பார்த்ததைவிட உதடு ஏறியிருக்கிறது. வலது கண் நன்றாக மூடித் திறக்கிறது என்று நினைக்கிறேன். பயிற்சியை விடவேண்டாம். அப்புறம் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். விபின் வந்து ரொம்ப நேரம் பக்கத்தில் நின்றார். "ஒன்னத்தான் பாக்குதாரு" என்றார்.

ஈஸ்டருக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. விபின் குளத்தூரில் அவர் வீட்டில் இருந்துகொள்வார். அப்பா என்றைக்கு வரச் சொல்கிறாரோ அன்றைக்கு வருவார். அவருக்கு அதில் வருத்தமில்லை என்கிறார். கொஞ்சம் உண்டு, எனக்குத் தெரியும்.

கதையின் முடிவை ஷைலஜா மேடம் கேட்டால் இன்னும் எழுதவில்லை என்று சொல். கற்களைக் கொஞ்ச நாள் நடக்க விடுகிறேன்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு உரக்க வாசித்துக் காட்டு. பேர் சரியாக வருகிறவரை காத்திருக்க வேண்டாம் என்று சொல். நான் வாசலில் வந்து நிற்கும்போது நாக்குக்கு எப்படி வருகிறதோ அப்படி விளிக்கட்டும். நான் விளி கேட்பேன்.

அன்போடு,
உன் அக்கா
சீசா